ஒட்டுப்பால் காளை

மலாயாவில் செனாய் ஊர்த் தமிழர் வாசகசாலையில் கைவேலைப் பொருட்காட்சி ஒன்று நடத்துவதென்று தீர்மானம் நிறைவேற்றியவர்கள் ஒன்பது பேர். தீர்மானத்துக்குப் பிறகு வேலை செய்தவன் நான் ஒருவன். செயலாளர் என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டால் மற்ற எட்டுப் பேருக்கும் கை கால் விழுந்துவிடும் போலிருக்கிறது.

முப்பத்தைந்தாம் வருஷம் ஆகஸ்டு மாதம் அது. வாசகசாலை என்பது கடைத்தெருவில் சீனர் காப்பிக்கடைக்கு மேலே உள்ள ஒரு நீண்ட மாடி. தகரக் கூரை. காலை பத்து மணிக்கு மேல் உள்ளே நின்றால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். நான் ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். எதையும் வரிசையாகச் செய்து பழக்கம். ஆகவே விதிகள் ஐந்து எழுதிச் சுவரில் ஒட்டினேன். பொருளுக்கு ஓர் எண். எண்ணுக்கு ஓர் அட்டை. அட்டையில் செய்தவர் பெயர், ஊர், எதனால் செய்தது, எத்தனை நாள் ஆயிற்று. இதில் ஒன்று குறைந்தாலும் பொருள் ஏற்கப்படாது. இது நான்காம் விதி. இந்த நான்காம் விதிதான் பிறகு என் கழுத்தை நெரித்தது.

பொருள்கள் வரத் தொடங்கின. மராமத்து இலாகாவில் படம் வரைபவராக இருக்கும் யாழ்ப்பாணத்துக் கனகசபை மூன்று வர்ணப் படங்கள் கொண்டுவந்தார். மூன்றும் ஜோகூர்க் கடற்கால்வாய். காலை, மத்தியானம், மாலை. கடைத்தெரு பேச்சியம்மாள் மலாய்க் கிராமமான கம்பத்துப் பெண்களிடம் கற்றுக்கொண்டு முடைந்த மெங்குவாங் தாழைப் பாய் கொடுத்தாள். தம்போயிலிருந்து ஒருவர் மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெட்டிய விளக்குகள் அனுப்பினார். வியாழக்கிழமைக்குள் பதின்மூன்று பொருள்கள் சேர்ந்துவிட்டன. அட்டைகள் எல்லாம் எழுதி முடித்து மூச்சு விட்டேன். அப்போதுதான் படியில் ஐயாசாமியின் காலடி கேட்டது.

ஐயாசாமி பத்தொன்பதாம் மைலில், பத்தொன்பதாங் கட்டை ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவன். அவன் அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் என்னிடம்தான் எழுதி வாங்குவான். தலையில் கோணிமூட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து, மேசை மேல் இறக்கி, கோணியை உரித்தான்.

உள்ளே ஒரு காளை. ஒன்றரை முழ நீளம். காலை மடித்துப் படுத்திருந்தது. கழுத்தின் தொங்குதசை மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது. திமிலில் நுகத்தடி தேய்த்த தழும்பு. ஒரு காது மட்டும் ஈயை விரட்டுவதுபோல் பின்னுக்கு மடங்கியிருந்தது. கன்னங்கரேலென்று இருந்தது. நான் அப்படி ஒரு வேலையை அதுவரை பார்த்ததில்லை. வாய் திறந்து புகழ்வதற்குள் மூக்கில் வாடை ஏறிவிட்டது. புளித்துப்போன, அழுகின வாடை. இந்தச் சீமையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வாடை அது.

"ஐயாசாமி, இது எதுல செஞ்சது?"

"ஒட்டுப்பால்தாண்ணே."

மரத்தில் வெட்டுக் கோட்டின் மேல் வழிந்து காய்ந்து நூல்போல் ஒட்டியிருக்கும் பால்தான் ஒட்டுப்பால். அதை உரித்துக் கூடையில் போட்டு, பாலோடு சேர்த்து ஸ்டோரில் நிறுக்கக் கொடுக்க வேண்டும். ஒரு துண்டு மடியில் இருந்தாலும் திருட்டு. ரப்பர் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் கையில் வைத்திருப்பவனைப் போலீசும் பிடிக்கும். சென்ற மாதம்தான் முழங்கை நீளத் துண்டுக்காக ஒருவனை வேலைச் சீட்டைக் கிழித்து, குடும்பத்தோடு தோட்டத்து லய வீட்டை விட்டு அனுப்பினார்கள். இங்கே என் மேசை மேல் பதினைந்து ராத்தல் எடைக்கு ஒரு மாடு படுத்திருந்தது.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"பிரம்புல கூடு கட்டி, மேல இழை இழையாச் சுத்துனேண்ணே. கத்தியச் சூடு பண்ணி அழுத்துனா ஒட்டிக்கும். அப்புறம் அடுப்புப் பொகையில தொங்கவிட்டேன். ஏழு மாசம். நிக்கிற மாடாத்தான் ஆரம்பிச்சேன். கனம் தாங்காம காலு மடங்கிப்போச்சு. சரி, படுத்துக்கடான்னு விட்டுட்டேன். நம்ம டிவிசன் தண்ணி வண்டி மாடுண்ணே. பேரு காரி. பாத்தா தெரியுதுல்ல?"

"நான் அதைக் கேக்கல. இத ஏன் இங்க கொண்டாந்த?"

"லயத்துல ரெண்டு நாளா சோதனை. ஒட்டுப்பால் கணக்குல குறையுதுன்னு ஆபீசுப் பெரிய கிராணி வீடு வீடாப் பாக்கச் சொல்லிட்டாரு. அதான் புல்லுக்கட்டுக்குள்ள வெச்சு இங்க கொண்டாந்துட்டேன். இங்க வந்து யாருண்ணே தேடப்போறா?"

திருட்டுப் பொருளைப் பொருட்காட்சியில் ஒளித்து வைக்க வந்த மனிதனை அன்றுதான் பார்த்தேன். நான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் காட்டினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டினேன். 'சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொருட்காட்சியைத் திறந்து வைப்பவர்: பத்தொன்பதாங் கட்டைத் தோட்டப் பெரிய கிராணியார் திரு. சோமசேகரம் அவர்கள்.'

ஐயாசாமி கோணியை எடுத்துக் காளையை மறுபடி மூடினான்.

"அலமாக்," என்றான், மலாய்க்காரர்கள் 'ஐயோ' என்பதுபோல. பிறகு, "நீங்க ஏண்ணே அவரப்போயி கூப்புட்டீங்க?" என்று என்னையே குற்றம் சொன்னான்.

திருப்பிக் கொண்டுபோ என்றால் முடியாது. தோட்டத்து வாசலில் காவல். காட்டில் எறி என்றால் அவன் முகம் செத்துப்போயிற்று. என் வீட்டில் வைக்கலாமென்றால், வாடை பக்கத்து வீட்டுக்குப் போகும். என் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ்காரர். கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். மூலையில் வைப்பது, அட்டையில் 'களிமண்' என்று எழுதுவது, சனிக்கிழமை கிராணியார் பேசிவிட்டுக் காப்பி குடித்துப் போனதும் பார்த்துக்கொள்வது.

"மண்ணுன்னு எழுதாதீங்கண்ணே," என்றான்.

"ஏன்?"

"மண்ணுல எவன் வேணா செய்வான். இது பாலு. கையில நிக்காது, இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். அத மாடாக்குனவன் நான். மண்ணுன்னு போட்டா என் பொழப்புக்கு என்னண்ணே மரியாதை?"

"சீட்டக் கிழிச்சிட்டா அந்த மரியாதைய எங்க வெச்சுக்குவ? அங்கம்மாவும் பிள்ளைங்களும் எங்க போவாங்க?"

அவன் களிமண்ணுக்குச் சம்மதிக்கவே இல்லை. அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். முடிவில், 'எதனால் செய்தது' என்ற இடத்தை வெறுமையாக விட்டு, 'எண் 14. காளை. செய்தவர்: ஐயாசாமி, 19ஆம் கட்டை. ஏழு மாதம்' என்று மட்டும் எழுதினேன். நானே எழுதிய விதியை நானே மீறினேன். தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவன் போனான்.

வெள்ளிக்கிழமை மழை. வாடை தெரியவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்தத் தொடங்கியது. நான் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து வாடை என் மேல் வந்து விழுந்தது. மழை ஈரமும் தகரச் சூடும் சேர்ந்து காளையை நன்றாகக் கிளப்பிவிட்டிருந்தன.

முதலில் வந்தவர் கனகசபை. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே வந்தார்.

"மணியம், உதென்ன நாத்தம்?"

"கீழே சீனன் கடையில ஏதோ வேகுது."

"சீனன்ர கடை மணம் எனக்குத் தெரியாதோ? உந்த மூலையிலை இருந்தல்லோ வருகுது. என்ர படத்துக்குப் பக்கத்திலை ஒருத்தர் நிண்டு மூச்சு விடேலாது. அந்தி வெளிச்சத்தைக் கீற எனக்கு மூண்டு மாசம் எடுத்தது. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடவோ நான் கீறினது?"

"உங்க படத்தை அந்தப் பக்கம் மாத்திடலாமா?"

"அங்காலை வெளிச்சம் இல்லை. ஏதாவது செய்யும். நீர்தானே செயலாளர்."

இந்த ஒரு வாக்கியத்தை மூன்று மாதமாக எட்டுப் பேர் வாயால் கேட்டுவிட்டேன். கீழே இறங்கி ஓடினேன். சாமான் கடையில் நாலு காசுக்குச் சாம்பிராணி வாங்கி, காப்பிக்கடை அடுப்பில் கொட்டாங்கச்சித் தணல் கேட்டு வாங்கி, தட்டில் வைத்துக் காளையின் முன்னால் புகை போட்டேன். மணி ஒன்பது. வாடை முழுதும் போகவில்லை. ஆனாலும் நிற்க முடிந்தது. நிம்மதியாக வாசலுக்குப் போய் வருகிறவர்களின் பெயர்களைப் பதிவுப் புத்தகத்தில் எழுத உட்கார்ந்தேன்.

அங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனது. கல்போலக் கறுத்த காளை. காலை மடித்துப் படுத்திருக்கிறது. முன்னால் சாம்பிராணிப் புகை. நம் சனத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அரைமணி கழித்து நிமிர்ந்து பார்த்தால் மூலையில் ஒரு கூட்டம். பேச்சியம்மாள் காளையின் நெற்றியில் திருநீறு பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் செம்பருத்தி. என் எண் அட்டையின் மேல் ஒரு சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"பேச்சியம்மா, என்ன பண்றீங்க?"

"நீங்க சாம்பிராணி போட்டுட்டு அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டீங்களே. நந்திக்குத் திருநீறு வைக்க வேணாமா?"

"நந்தி இல்லம்மா அது. காட்சிப் பொருள். பதினாலாம் நம்பர்."

"சாமிய நம்பர்னு சொல்லாதீங்க. நாக்கு அழுகிடும்."

கூட்டத்தின் பின்னால் ஐயாசாமி நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். பக்கத்தில் அவன் மனைவி அங்கம்மா. ஐயாசாமி ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நந்தி இல்லீங்க. தண்ணி வண்டி மாடு. காரி. அந்தக் காதப் பாருங்க, எப்பவும் அப்படித்தான் மடிச்சு வெச்சிருக்கும்." ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "சாமி கிட்ட நின்னுக்கிட்டு மாட்டப் பத்தி என்னப்பா பேச்சு," என்று அதட்டினார்.

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தேன். "இன்னைக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இரு. உன் காலுல விழறேன்."

"அவங்க தப்பா நெனைக்கிறாங்கண்ணே."

"நெனைச்சுட்டுப் போகட்டும்."

"இந்தாளு ராத்திரியெல்லாம் இதான் பேச்சு," என்றாள் அங்கம்மா. "என் மூஞ்சிய ஒரு நாளு இப்படி உத்துப் பாத்திருப்பாரா கேளுங்க. மாட்டுக் காது எந்தப் பக்கம் மடங்குதுன்னு தெரியும்."

பத்து மணிக்குச் சோமசேகரம் வந்தார். வெள்ளைக் கோட்டு, பொத்தான் முழுதும் போட்டு, கையில் குடை. தோட்டத்தில் அவரைக் கண்டால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நாய்கூடக் குரைக்காது என்பார்கள். ஒட்டுப்பால் குறைவதற்குத் தோட்ட மானேஜரான பெரிய துரை அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் கேள்வி. நான் மாலை போட்டேன். கனகசபை தம் படங்களின் பக்கம் அவரைத் திருப்பப் பார்த்தார்.

"இது காலமை வெளிச்சம், கிராணியார். இது..."

சோமசேகரம் படத்தைப் பார்க்கவில்லை. சாம்பிராணியும் சூடமும் கண்டதும் அவர் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கூட்டம் விலகி வழிவிட்டது. குடையை என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். கையைத் தலைக்கு மேல் குவித்து, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, காளையின் காதருகே குனிந்து ஏதோ வேண்டிக்கொண்டார். நந்தியின் காதில் சொன்னால் நடக்கும் என்பது எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை.

குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் மூக்கு இரண்டு தடவை விரிந்து சுருங்கியதை நான் பார்த்தேன். முப்பது வருஷம் ரப்பர் ஸ்டோரில் நின்ற மூக்கு அது. நிமிர்ந்து, விரலால் காளையின் முதுகை ஓர் அழுத்து அழுத்தினார். முதுகு உள்ளே போய் மெல்லத் திரும்பி வந்தது.

"இது செய்தவன் ஆர்?"

ஐயாசாமி முன்னால் வந்துவிட்டான். ஒளியவேண்டும் என்ற எண்ணமே அவன் முகத்தில் இல்லை. கேட்கமாட்டார்களா என்று ஏழு மாதம் காத்திருந்தவன் மாதிரி வந்தான்.

"நாந்தாங்க ஐயா."

"எங்கடை தோட்டம்தானே நீ?"

"ரெண்டாம் டிவிசனுங்க. இது நம்ம கா..."

"நந்திங்கய்யா," என்று அங்கம்மா குறுக்கே வந்தாள். "கோயிலுக்கு நேந்துக்கிட்டுச் செஞ்சதுங்க."

"உன்னை நான் கேக்கேல்லை. அவன் சொல்லட்டும்."

மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். சோமசேகரத்தின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அவருடைய நிலையும் எனக்குப் புரிந்தது. இது ரப்பர் என்று அவர் வாயால் சொன்னால், தோட்டத்துத் திருட்டு ரப்பரின் காதில் பெரிய கிராணி வேண்டுதல் சொன்னார் என்று திங்கட்கிழமை பெரட்டில் சிரிப்பார்கள். நந்தியைத் தராசில் தூக்கிப் போட்டு, கத்தியால் அறுத்து, மெஷினில் கொடுக்கவும் அவரே ஆள் தேடவேண்டும்.

அவர் ஐயாசாமியின் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் பேசினார். எனக்கும் அங்கம்மாவுக்கும் மட்டும் கேட்டது.

"வடிவாக் கேள். இது நீ செய்த மாடெண்டால், எதிலை செய்தனீ எண்டு நான் கேக்கவேணும். கேட்டால் எழுதவேணும். எழுதினால் திங்கட்கிழமை உனக்குச் சீட்டு இல்லை, வீடும் இல்லை. இது நந்தியெண்டால் நான் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. நாளைக்கே தோட்டத்துக் கோயிலுக்குப் போகும். யோசிச்சுச் சொல்லு. இது என்ன?"

ஐயாசாமி காளையைப் பார்த்தான். திருநீறு நெற்றியிலிருந்து கண்மேல் உதிர்ந்திருந்தது. அதைத் துடைக்கக் கையை நீட்டி, பேச்சியம்மாள் முறைத்ததும் எடுத்துக்கொண்டான். அங்கம்மா அவன் முழங்கையைக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. எனக்கே கிள்ளவேண்டும் போலிருந்தது. மூன்றே எழுத்துள்ள ஒரு வார்த்தையைச் சொல்ல ஒரு மனிதன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான்.

"நந்திங்க," என்றான்.

"பலமாச் சொல்லு."

"நந்திங்க ஐயா."

சோமசேகரம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கேட்டீரோ மணியம்? உந்த அட்டையைத் திருத்தி எழுதும். நந்தி, தோட்டத்துக் கோயிலுக்கு உரியது எண்டு போடும்."

"செஞ்சவன் பேருங்க ஐயா?" என்றான் ஐயாசாமி.

"சாமிக்கு ஆரடா பேர் எழுதுறது?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதே புரியாதவர்போலத்தான் சொன்னார். பிறகு மேடையேறி, கைத்தொழிலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கனகசபையின் படங்களைப் பற்றி ஒரு வரி. மெங்குவாங் பாயைப் பற்றி ஒரு வரி. நான் சூடம் கருக்கிய அட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதி வைத்தேன். 'எதனால் செய்தது' என்ற இடம் இப்போதும் வெறுமைதான். அதைக் கேட்கத்தான் இனி ஆளில்லை.

"வேலை தப்பிச்சுதே, அத நெனச்சுப் பாரு," என்றேன் ஐயாசாமியிடம்.

"சரிங்கண்ணே."

"அங்கம்மா சொன்னதையே மொதல்ல நீ சொல்லியிருந்தா எனக்கு இத்தனை பாடு இல்ல."

"சரிங்கண்ணே," என்றான் மறுபடியும். அவன் வாதாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் கடைத்தெருவெல்லாம் செய்தி பரவிவிட்டது. வரிசை படியில் இறங்கிக் காப்பிக்கடை வாசல் வரை நின்றது. பதின்மூன்று பொருள்களை ஒருவரும் பார்க்கவில்லை. கனகசபை தம் கடற்கால்வாய்களைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, என்னோடு இனிப் பேச்சில்லை என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். சீனர் மட்டும் நூற்றிருபது கோப்பை காப்பி விற்றார்.

அங்கம்மா பிள்ளைகளுக்குச் சோறாக்க வேண்டும் என்று போய்விட்டாள். ஐயாசாமி போகவில்லை. காளையின் முன்னால், அந்த மடங்கின காதுக்கு நேரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாராவது ஒருவராவது, இது யார் செய்தது என்று கேட்பார்களென்று நின்றானோ என்னவோ. யாரும் கேட்கவில்லை.

தம்போய்ப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம். கைக்குழந்தையோடு ஒரு பெண் அவன் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, சாமிய மறைச்சுக்கிட்டே நிக்கிறீங்களே. கொஞ்சம் தள்ளுங்க, பிள்ளை கும்பிடணும்."

ஐயாசாமி தள்ளி நின்றான்.